மோரோவிண்டை இன்று முதன்முறையாக ஆடுவோருக்கு: எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது

2002 மே மாதம் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட மோரோவிண்ட், 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையின் மூன்றாவது கணினி விளையாட்டு. இருபது ஆண்டுகளைத் தாண்டியும் அதைத் தேடிப் புதிய ஆட்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். வந்தவர்களில் பலர் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே திரும்பியும் போய்விடுகிறார்கள். கையில் கத்தியுடன் ஒரு நண்டின் முன்னால் நின்று பத்து முறை வீசி, பத்தும் காற்றில் போனால் யாருக்குத்தான் சலிப்பு வராது? நானும் இரண்டு முறை கைவிட்டேன். மூன்றாம் முறைதான் பிடிபட்டது, பிடிபட்ட பிறகு ஓராண்டுக்கு வேறு எதையும் ஆடவில்லை.

அந்த மூன்று முறைகளில் நான் கற்றுக்கொண்டது, இந்த விளையாட்டின் எரிச்சல்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதே. சில அதன் வயதால் வந்தவை; அவற்றை இன்று எளிதாகச் சரிசெய்துகொள்ளலாம், சரிசெய்யவும் வேண்டும். வேறு சில வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அவற்றை மாட்களை (ஆர்வலர்கள் எழுதி இணைக்கும் மாற்றக் கோப்புகளை)க் கொண்டு அகற்றினால், எதற்காக இதை மக்கள் இன்னும் விரும்புகிறார்களோ அதுவும் சேர்ந்தே போய்விடும். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதும், இரண்டாம் வகையோடு வாழப் பழகும் வழியைச் சொல்வதுமே இந்தக் கையேட்டின் வேலை.

நிறுவும்போதே செய்ய வேண்டியவை

ஸ்டீம், காக் (GOG) ஆகிய இணையக் கடைகளில் 'கேம் ஆஃப் தி இயர்' பதிப்பு கிடைக்கிறது. ட்ரிப்யூனல் (2002), பிளட்மூன் (2003) என்ற இரண்டு விரிவாக்கங்களும் அதிலேயே அடங்கியிருப்பதால் தனித்தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வாங்கியபின் மூல எஞ்சினில் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரலில்) நேரடியாக ஓட்டுவதற்குப் பதிலாக ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினை இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்வலர்கள் கூடித் திறந்த மூல நிரலாக முதலிலிருந்து எழுதிய எஞ்சின் அது. நீங்கள் வாங்கிய விளையாட்டின் தரவுக் கோப்புகளை அதற்குக் காட்டிவிட்டால் போதும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் திணறாமல் ஓடும். பழைய எஞ்சின் காரணமில்லாமல் நின்றுபோகும் தொல்லையும், இன்றைய அகலத் திரைகளோடு அது மல்லுக்கட்டும் தொல்லையும் இதில் இல்லை.

அடுத்ததாகப் 'பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ்' என்ற மாட். இது விளையாட்டை மாற்றுவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு பிழைகளை, உரையாடலில் உள்ள எழுத்துப் பிழைகள் உட்பட, திருத்துவதோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது, ட்ரிப்யூனல் விரிவாக்கத்தின் கொலையாளிகளைத் தாமதப்படுத்தும் ஏதேனும் ஒரு சிறு மாட். அந்த விரிவாக்கம் நிறுவப்பட்டிருந்தால், கதை தொடங்கிய முதல் இரவில் நீங்கள் கண்ணயர்ந்தாலும் கறுப்புக் கவசம் அணிந்த ஒருவன் வந்து தாக்குவான். முதல் லெவலில் நிற்கும் பாத்திரம் அவனிடம் தப்புவது கடினம். தப்பிவிட்டாலோ அவனுடைய கவசத்தை விற்ற காசில் தொடக்கக் காலத்தின் வறுமையே காணாமல் போய்விடும். இரண்டு வகையிலும் கெடுதல்தான். முடித்தவர்களுக்கென்று எழுதிய கதையைத் தொடங்குபவர்களின் கழுத்தில் கட்டிய பிழை அது, தயங்காமல் சரிசெய்யலாம்.

தொலைவுக் காட்சி விஷயத்தில் மட்டும் சற்று யோசியுங்கள். மூல விளையாட்டில் சில நூறு அடிக்கு அப்பால் எல்லாம் மூடுபனி. ஓபன்எம்டபிள்யூவில் அதை விலக்கி, தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைகூடப் பார்க்கலாம்; படம் பிடித்துப் போட அழகாகத்தான் இருக்கும். ஆனால் கதை நடக்கும் வார்டென்ஃபெல் தீவு உண்மையில் அவ்வளவு பெரியதல்ல. பாதைகளை எரிமலைப் பள்ளத்தாக்குகளின் வழியே வளைத்து வளைத்துக் கொண்டுபோய், பனியையும் போர்த்தி, அதை ஒரு கண்டம்போல உணரச் செய்திருக்கிறார்கள். பனியை முழுதும் விலக்கினால் இரண்டு நாள் பயணம் என்று நீங்கள் நம்பியிருந்த ஊர் அடுத்த மேட்டுக்குப் பின்னால் தெரியும். நான் பழைய அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

பாத்திரத்தை அமைப்பது, அல்லது நண்டைக் கொல்வது

கைதிக் கப்பலில் கண்விழிக்கிறீர்கள். ஜியூப் என்ற கைதி உங்கள் பெயரைக் கேட்கிறான். செய்டா நீன் என்ற சதுப்புநிலக் கிராமத்தில் இறக்கிவிட்டு, ஓர் அலுவலகத்தில் உங்கள் இனம், தொழில், பிறந்த ராசி ஆகியவற்றைப் பதிவுசெய்கிறார்கள். இனங்கள் 10, ஆயத்தமாக உள்ள தொழில்கள் 21, ராசிகள் 13, திறன்கள் 27. இந்த அலுவலகத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுதான் அடுத்த பத்து மணி நேரம் இனிக்குமா கசக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. விளையாட்டு அதைச் சொல்லாது.

ஏன் என்பதைக் கணக்கோடு பார்த்தால் தெளிவாகும். மோரோவிண்டில் வாள் எதிரியின் உடலைத் தொடுவது கண்ணுக்குத் தெரிந்தாலும், அடி பட்டதா இல்லையா என்பதைத் திரைக்குப் பின்னால் உருளும் பகடைதான் முடிவுசெய்கிறது. உங்கள் ஆயுதத் திறனோடு, சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டி, வரும் எண்ணை உங்கள் களைப்பு நிலையால் பெருக்குகிறார்கள். களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு நிறைந்திருந்தால் 1.25, வற்றியிருந்தால் 0.75. அதிலிருந்து எதிரியின் விலகும் திறனைக் கழித்தால் கிடைப்பதே நூற்றுக்கு எத்தனை அடி விழும் என்ற கணக்கு.

ரெட்கார்ட் இனத்தில் ஓர் ஆணைத் தேர்ந்தெடுத்து, போர்த்துறையைச் சிறப்புத் துறையாக்கி, நீள்வாளை மேஜர் எனப்படும் முதன்மைத் திறன்களில் ஒன்றாக வைத்தால், அவனது நீள்வாள் திறன் முதல் நிமிடத்திலேயே 50. சுறுசுறுப்பும் அதிர்ஷ்டமும் 40. கூட்டினால் 62, களைப்பில்லாதபோது 77.5. அதே அளவு சுறுசுறுப்புள்ள, களைப்பில்லாத எதிரிக்கு 15 கழித்தால் 62.5. ஏறக்குறைய மூன்று வீச்சில் இரண்டு படும். இதே ஆள் நீள்வாள் கிடைக்கவில்லையே என்று வழியில் அகப்பட்ட ஒரு குறுவாளை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? குறுவாளை அவன் மேஜரிலும், அதற்கு அடுத்த நிலையான மைனரிலும் சேர்க்கவில்லை என்றால் திறன் 10. அதே கணக்கைப் போட்டால் 12.5, அதாவது எட்டு வீச்சுக்கு ஒன்று. அவன் எதிரியைக் கண்டதும் ஓடி வந்து, பச்சைக் கோடு வற்றிய நிலையில் வீசினால் 1.5. நண்டு சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே இதைப் பிழை என்று எண்ணி எல்லா அடியும் பட வைக்கும் மாட்டைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதிலாக மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் இனத்துக்கு இயல்பாக வரும் ஓர் ஆயுதத்தை மேஜர் திறனாக வையுங்கள். செய்டா நீனில் உள்ள அரில்லின் கடையில் அந்த ஆயுதத்தையே, எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும், வாங்குங்கள். சண்டைக்கு முன்னால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், அல்லது சற்றே நின்று பச்சைக் கோட்டை நிரப்பிக்கொள்ளுங்கள். மந்திரம் பலிப்பதும், பேரம் படிவதும்கூடக் களைப்பைப் பொறுத்தவையே என்பதால், இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே ஆட்டம் பாதி வசப்பட்டுவிடும்.

லெவல் ஏறும் முறை பற்றி இரண்டு வார்த்தை. மேஜர், மைனர் திறன்களில் மொத்தம் பத்து உயர்வு கிடைத்தபின் ஓய்வெடுத்தால் லெவல் ஏறும். அப்போது மூன்று பண்புகளை உயர்த்திக்கொள்ளலாம். ஒரு பண்பைச் சார்ந்த திறன்களில் பத்து உயர்வுகளை அந்த லெவலுக்குள் சேர்த்திருந்தால் அந்தப் பண்பு ஐந்து புள்ளி உயரும் என்பதால், சிலர் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒவ்வோர் உயர்வையும் குறித்துக்கொண்டு ஆடுகிறார்கள். அது விளையாட்டல்ல, தணிக்கை வேலை. தாங்கும் சக்தியை மட்டும் தொடக்கத்திலேயே உயர்த்துங்கள். ஒவ்வொரு லெவலிலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் உயிர்ப்புள்ளியாகச் சேர்கிறது, பின்னால் உயர்த்தினால் முன்பு இழந்தது திரும்பி வராது. மற்றதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பணம் சேர்ந்தால் பயிற்சியாளர்களிடம் கொடுத்துத் திறனை வாங்கிக்கொள்ளலாம்; ஒரு லெவலுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு கிடையாது, அந்தத் திறன் சார்ந்த பண்பின் அளவைத் தாண்டிப் பயிற்சி பெற மட்டும் முடியாது.

வழி கேட்டுப் போவது

திசைகாட்டியில் அம்புக்குறி கிடையாது. போக வேண்டிய இடம் வரைபடத்தில் மின்னாது. மனிதர்கள் வாயால் வழி சொல்வார்கள், அது உங்கள் நாட்குறிப்பில் எழுதப்படும், அதைப் படித்துக்கொண்டு நீங்கள் நடக்க வேண்டும். மோரோவிண்டை வெறுப்போரும் நேசிப்போரும் சுட்டுவது இந்த ஒன்றைத்தான், என் கணக்கில் இது வேண்டுமென்றே வைக்கப்பட்டவற்றில் தலையாயது.

உங்களுக்குக் கிடைக்கும் முதல் வேலையே இதற்கான பயிற்சி. ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பல்மோரா நகரில் கேயஸ் கொசாடெஸ் என்பவரிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். வீட்டு எண் கிடையாது. தெற்குச் சுவர் மதுக்கூடத்தில் விசாரி என்பார்கள். பல்மோராவுக்கு நடந்தும் போகலாம், சில்ட் ஸ்ட்ரைடரில் ஏறியும் போகலாம். குடைந்த ஓட்டுக்குள் பயணிகளை உட்காரவைத்து, நரம்புகளைத் தொட்டுத் தொட்டு ஓட்டப்படும் பிரம்மாண்டமான பூச்சி அது. ஊருக்குள் நுழைந்து, ஆற்றைக் கடந்து, நாலு பேரைக் கேட்டு, மேட்டுத் தெருவில் ஒரு சின்ன வீட்டைத் திறந்தால், மேற்சட்டையில்லாத ஒரு கிழவர் நிற்கிறார், வீட்டுக்குள் போதைக் குழாய் கிடக்கிறது. பேரரசரின் உளவுத் தலைவர் அவர்தான். அம்பைப் பின்தொடர்ந்து வந்திருந்தால் அந்தக் கதவு திறக்கும்போது உங்களுக்கு எதுவும் தோன்றியிருக்காது. விசாரித்து வந்தவருக்கோ தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்ற சந்தேகம் வந்தே தீரும்.

அவர் இருநூறு காசைக் கொடுத்து, போய் ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்து அனுபவம் பெற்று வா என்கிறார். இதை மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் அப்படியே கேளுங்கள். இங்கே எதிரிகள் உங்கள் லெவலுக்கு ஏற்பத் தங்களைச் சுருக்கிக்கொள்வது மிகக் குறைவு. உங்களால் முடியாத குகை முடியாததுதான். ஐந்து லெவல் கழித்து வந்து அதே குகையைத் துடைத்துப் போகலாம். மதிப்புமிக்க பொருள்களும் பெரும்பாலும் கையால் இடம் பார்த்து வைக்கப்பட்டவை என்பதால், கண்ணில் படாத ஒரு மூலையில் அற்புதமான வாள் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கவும்கூடும். பல்மோராவில் போர்வீரர் சங்கமும் மந்திரவாதிகள் சங்கமும் அடுத்தடுத்த கட்டடங்கள். மந்திரவாதிகளிடம் அஜிரா என்பவளின் முதல் வேலை நான்கு வகைக் காளான்களைக் கொண்டுவருவது. செய்டா நீனைச் சுற்றியுள்ள சதுப்பில் அவை மண்டிக் கிடக்கின்றன. ஆகவே கிளம்பும்போதே பறித்து வைத்துக்கொண்டால் திரும்பி நடக்க வேண்டாம்.

அர்க்ந்தாண்ட் என்னும் ட்வெமர் (மறைந்துபோன ஒரு பழைய இனத்தார்) இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரும் வேலை முக்கியக் கதையில் விரைவிலேயே வரும். புதிதாக ஆடுபவர்கள் அதிகமாகத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இதுதான். வழி இப்படிச் சொல்லப்படுகிறது: பல்மோராவின் தெற்கே வெளியேறு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து மூன்மாத் கோட்டையைத் தாண்டிப் போ, எரிமலைப் பள்ளத்தின் மேல் உள்ள பழைய ட்வெமர் பாலத்தைக் கட. போய்ச் சேர்ந்தால் கதவு இல்லை, வெறும் பாறைதான். அருகிலுள்ள குழாயில் ஒரு கைப்பிடி இருக்கும், அதைத் திருப்பினால்தான் பாறை திறக்கும். உள்ளே கொள்ளையரைச் சமாளித்து அறை அறையாகத் தேடினாலும் பெட்டி அகப்படுவதில்லை. ஏன் என்றால், பெட்டி என்றதும் நாம் மனத்தில் வைத்துத் தேடுவது ஒரு பேழையை. உண்மையில் அது உள்ளங்கையளவு கனசதுரம். ஓர் அறையின் அலமாரித் தட்டில் மற்றச் சாமான்களோடு சாமானாகக் கிடக்கிறது. தட்டுகளின் மேல் சுட்டியை மெதுவாக நகர்த்திப் பெயரைப் படித்துக்கொண்டே போனால் தென்பட்டுவிடும்.

வழி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எவரிடம் பேசினாலும் வலப்பக்கத்தில் தலைப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொருவரிடமும் எல்லாத் தலைப்பையும் கேட்டால் ஒரே பதிலைப் பத்துப் பேரிடம் படித்துக் களைத்துப்போவீர்கள். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட இடம், அண்மைய வதந்தி ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். மற்றவற்றைப் புதிதாகத் தோன்றினால் தொட்டால் போதும். நாட்குறிப்பு நாள்வரிசையில் எழுதப்படுவதால் வேலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ட்ரிப்யூனலோடு வந்த வசதியால் அதை வேலைவாரியாகப் பிரித்தும் படிக்கலாம், பக்கத்தின் அடியிலுள்ள பொத்தானைப் பாருங்கள். அப்படியும் குழம்பினால் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. என்னுடையதில் இன்றும் ஒரு பக்கம் முழுவதும் 'இரண்டாம் பாலமா, மூன்றாம் பாலமா' என்றே கிடக்கிறது.

விரைவாகப் போவது

நினைத்த இடத்துக்கு ஒரு சொடுக்கில் தாவும் வசதி இல்லை என்பதால் பயணமே இல்லை என்று எண்ண வேண்டாம். சில்ட் ஸ்ட்ரைடரும் படகும் ஊர்களை இணைக்கின்றன; மந்திரவாதிகள் சங்கங்களுக்கிடையே காசு கொடுத்தால் கணத்தில் அனுப்புவார்கள். 'ஆல்ம்சிவி இன்டர்வென்ஷன்' மந்திரம் அருகிலுள்ள கோயிலுக்கும், 'டிவைன் இன்டர்வென்ஷன்' பேரரசின் வழிபாட்டிடத்துக்கும் கொண்டுபோய்விடும். 'மார்க்' போட்ட இடத்துக்கு 'ரீகால்' திரும்பக் கொண்டுவரும். இவற்றை ஒரு பேருந்து அட்டவணையைப் போல மனத்தில் பதித்துக்கொண்டால், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எதில் ஏறி எங்கே மாறுவது என்பது தானாக வந்துவிடும்.

நடை வேகம் மட்டும் உண்மையாகவே பொறுமையைச் சோதிக்கும். இதற்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு குறும்பான மருந்து இருக்கிறது. கால்டெராவுக்கும் ந்நார் மோக்குக்கும் இடைப்பட்ட பாதையில் பெமெனி என்ற வணிகப் பெண் துணைக்கு வரச் சொல்லி நிற்பாள். அவளிடம் உள்ள பூட்ஸ் வேகத்தை 200 கூட்டும், கூடவே கண்ணையும் குருடாக்கும். குருட்டுத்தனமும் மந்திரம்தான் என்பதால், மந்திரத்தைத் தடுக்கும் ஒரு மந்திரத்தைப் போட்டுக்கொண்டு, அது செயலில் இருக்கும் சில நொடிகளுக்குள் பூட்ஸை அணிந்துவிட்டால், திரை இருளாமல் வேகம் மட்டும் நிலைத்து நிற்கும். பிரெட்டன் இனத்தவருக்குப் பிறப்பிலேயே பாதித் தடுப்பு உண்டு, மீதியைச் சமாளித்தால் போதும். இந்த விளையாட்டு இதைத் தடை செய்வதில்லை, தண்டிப்பதும் இல்லை. செய்து பார்த்தவனின் சாமர்த்தியம் என்று விட்டுவிடுகிறது.

செய்டா நீனை விட்டுச் சற்றுத் தொலைவு நடந்ததும் அலறிக்கொண்டே வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி விழுந்து சாவான். அவனிடம் மூன்று சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்துத் தாவினால் அரைத் தீவைத் தாண்டலாம், ஆனால் அதன் சக்தி ஏழே நொடிதான்; இறங்கும்போது அது தீர்ந்துவிடுவதால்தான் அவன் செத்தான். தரை நெருங்கும்போது இரண்டாவது சுருளைப் படியுங்கள், காயமின்றி இறங்கலாம். தாவும் முன் சேவ் செய்துகொள்வது நல்லது.

சேவ் என்றதும் ஒன்று. இந்த விளையாட்டு ஓய்வெடுக்கும்போது மட்டுமே தானாகச் சேவ் செய்கிறது. மின்வெட்டு நேரம் தெரிந்தும், இதோ இந்த ஒரு குகை என்று இரண்டு மணி நேரம் சேவ் செய்யாமல் ஆடி, குகையின் கடைசி அறையில் திரை இருண்டதைப் பார்த்தபடி உட்கார்ந்தவன் நான். எஃப்5 விரலுக்குப் பழக வேண்டும். அதோடு வாரத்துக்கு ஒன்றாகத் தனிப்பெயரில் சேவ்களையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கதைக்கு இன்றியமையாத ஆள்களையும் இங்கே கொல்ல முடியும். கொன்றால் விதியின் இழை அறுந்துவிட்டதென்று ஓர் அறிவிப்பு வரும், அதன்பின் தொடர்வதா திரும்புவதா என்பது உங்கள் பாடு.

கிளிஃப் ரேசர் என்னும் பறக்கும் பிராணிகள் பற்றி நீட்டத் தேவையில்லை. மலைப்பாதை எங்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொத்தும். எண்ணிக்கையைக் குறைக்கும் மாட் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கப்பலில் உங்கள் பெயரைக் கேட்ட ஜியூப் அவற்றை இந்தத் தீவிலிருந்தே விரட்டிப் புனிதராகிவிட்டான் என்று பின்வந்த விளையாட்டுகளில் எழுதிவைத்ததன் மூலம், உருவாக்கியவர்களே இந்தக் குறையை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

டெல்வானிகளின் வீடு

ரெடோரான், ஹ்லாலு, டெல்வானி என்ற மூன்று பெருங்குடிகளில் ஒன்றில்தான் சேர முடியும், சேர்ந்தால் மற்ற இரண்டும் அடைபடும். எதில் சேர்ந்தாலும் ஒருமுறையாவது கிழக்குக் கரைக்குப் போய் டெல்வானி மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களைப் பாருங்கள். உள்ளே நுழைந்து தலைவரைச் சந்திக்க மேலே போகலாம் என்று பார்த்தால் படிக்கட்டு இராது. செங்குத்தாக ஒரு குழல் மட்டும் மேலே போகும். பறக்கத் தெரியாதவனிடம் எங்களுக்கென்ன பேச்சு என்பது அந்தக் குடியின் மனப்பான்மை, அதை ஒருவரும் வாயால் சொல்லாமல் கட்டடமே சொல்லிவிடுகிறது. மிதக்கும் மந்திரம் கைவசம் இல்லாதவர்கள் ரைசிங் ஃபோர்ஸ் என்ற மருந்தை மருந்துக் கடைகளில் வாங்கிக்கொண்டு போகலாம். ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள்; தலைவரிடம் பேசிக்கொண்டிருக்கையில் முதல் மருந்தின் வேகம் தீர்ந்திருக்கும், இறங்குவதற்கும் அதே குழல்தான்.